முதல் வரியில் கூடாரம்

இன்று மாலை ஐந்து மணிக்குள் பதியாவிட்டால், காட்டுமாட்டுக் கூட்டம் மிதித்த பூண்டுக்கு இழப்பீடு கிடையாது. கொடைக்கானல் கம்ப்யூட்டர் கடையில், நசுங்கிய பூண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு திரையை முறைக்கிறார் சூசைமாணிக்கம். வனத்துறையில் சுற்றுலாக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒரே இணையதளமாம். கடைக்காரப் பெண் ஜென்சி இழப்பீட்டுப் பக்கத்தின் முகவரியை எழுத்தெழுத்தாக அடிக்கிறாள். கூடாரமும் கேம்ப் ஃபயருமாக, தங்குவதற்குப் பதியும் பக்கம் வருகிறது. குறை சொல்லும் பக்கத்தின் முகவரியை அடிக்கிறாள். அதே கூடாரம், பக்கத்தில் கிட்டாரோடு சிரிக்கும் ஒருவன். கண்ணாடிக் கதவில் பனி வழிகிறது; கடை முழுக்க அழுகல் பூண்டு வாடை. “எந்த முகவரி வந்தாலும் ரூம் புக்கிங்குக்கு அனுப்புன்னு சைட்டோட புரோகிராம்ல முதல் வரியிலேயே எழுதிட்டாங்க போல, தாத்தா. கீழ இருக்கிற வரிக்கு எதுவுமே போய்ச் சேராது.” பெரியவருக்கு வாய் கசக்கிறது. “பெரிய கண்ணுச் சல்லடையை மொதல்ல புடிச்சா அம்புட்டுப் பூண்டும் ஒரே கூடையிலதான் விழும். இதுகூடத் தெரியாத பயலா எழுதுனான்? த்தூ!” சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொடுகிறது. ஜென்சி கடைசியாக ஒருமுறை தட்டுகிறாள். எத்தனை பேர் தங்குவீர்கள் என்று திரை கேட்கிறது. அவள் தயங்கித் திரும்பிப் பார்க்கிறாள். “பதினோரு மாடுன்னு போடு புள்ள,” என்கிறார் சூசைமாணிக்கம், பையை இறுக்கிக் கட்டியபடி.