வாசனை வரலை

“பவுடர்ல சுண்ணாம்பு எதுவும் கலக்குறியா தம்பி?”

பெரியவர் கேட்டதும் குளம் பராமரிப்புக்காரருக்குச் சுருக்கென்றது. நீச்சல் குளத்தில் உப்பால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷினைக் கழற்றிவிட்டுக் குளோரின் பவுடருக்கு மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. கண் எரிகிறது, நாறுகிறது என்று ஊரெல்லாம் குளோரினை விட்டு உப்புக்கு ஓட, இந்த மனிதர் மட்டும் தலைகீழாக நின்றார். போகட்டும் என்று பார்த்தால், இப்போது திருட்டுப் பட்டம் வேறு!

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்களே பாருங்க.” சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறத்தைக் காட்டினார். “அளவு கரெக்டா இருக்கு.”

“நிறம் கெடக்குது. வாசனை வரலையே!”

“சரியாப் போட்டா வராது சார். அதுதான் நல்ல தண்ணி.”

“எனக்கு வரணும். இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு.”

“இறங்குறவங்களுக்குத் தோல் உரிஞ்சிடும் சார்.”

“யார் இறங்கப் போறா? எனக்கு நீச்சலே தெரியாது.”

இது என்னடா வம்பு என்று பராமரிப்புக்காரர் தலையைச் சொறிந்தார். சுவரோரம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் காய்ந்த இலைகள் குவிந்து கிடந்தன. அதற்கு மேலே ஆணியில், வெளுத்த கயிற்றோடு ஒரு விசில் தொங்கியது.

“அப்புறம் எதுக்கு சார் அந்த மிஷினை வெச்சீங்க?”

“வீட்டம்மா வெச்சது. வீட்லயாவது அந்த நாத்தம் வேண்டாம்னா. இப்ப அவளே இல்ல.”

பராமரிப்புக்காரருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம், இவ்வளவு பெரிய வீட்டில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை.

“உண்மையச் சொல்லிடறேன் சார். அந்த வாசனை பவுடர்ல இல்ல. ஆளுங்க இறங்கணும், வியர்வையும் குளோரினும் சேரணும். பசங்க கூட்டமா குதிக்கிற குளத்துலதான் அது வரும். இங்க டப்பாவோட கவுத்தாலும் வராது.”

பெரியவர் அசையாமல் கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, போட்ட சட்டையோடு முதல் படியில் இறங்கினார்.

“சார்! நீச்சல் தெரியாதுன்னீங்களே!” பராமரிப்புக்காரர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

“விடு தம்பி, படியிலதான் உட்காரப் போறேன். வீட்டம்மா ஊர்ப் பசங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் குடுத்துட்டு வருவா. சாயங்காலம் அவ நுழையுறதுக்கு முன்னாடி, அந்த வாசனைதான் வீட்டுக்குள்ள நுழையும்.”