பெண்கள் பக்கத்துக் கமரா

மணப்பெண்ணின் படம் றஸீனின் சட்டைப் பைக்குள் வர இருந்தது. அது அவனுக்கு இன்னும் தெரியாது.

கரைத்தீவில் கலியாண வீடு. ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு ஆண்கள் உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அஸ்மி, மணப்பெண்ணின் அண்ணன், இறைச்சித் துண்டுகளை றஸீனின் பக்கம் தள்ளினான்.

"தின்னு மச்சான். கொழும்பில இப்பிடி ஆட்டெறச்சி கெடைக்குமா?"

றஸீன் வந்தது சாப்பிட அல்ல, கமரா விற்க. புதிதாக வந்த சின்னக் கமராவைக் கையில் கொடுத்து, புத்தளம் பக்கம் இது விலைபோகுமா என்று பார்த்துவரச் சொல்லியிருந்தது அவன் வேலைசெய்யும் கொழும்புக் கம்பனி. விலைபோகாவிட்டால் அவனும் வேலைக்குத் திரும்பி வரத் தேவையில்லை.

பெண்கள் பக்கம் படமெடுக்கும் ஃபஹ்மியாவிடம் காலையில் கமராவைக் கொடுத்திருந்தான். அவள் வாங்கினால் இந்தக் கரையில் அதே தொழில் செய்யும் மற்றப் பெண்களும் வாங்குவார்கள்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சின்னனா இரிக்கி, நல்லம். ஆனா எனக்குக் கமரா இல்ல தம்பி பிரச்சின. பொண்ணுகள் முகத்த எடுக்க விடுறாங்க இல்ல. படம் என்னட்ட நிண்டா நாளைக்கு எவன்ட கைக்குப் போகுமோ எண்டு பயம்."

"இதுல நிக்காது ராத்தா. எடுத்த உடன போனுக்குப் போயிரும். கமராவில ஒண்டும் மிஞ்சாது." தன் போனோடு இணைத்துக் காட்டினான்.

"மிஞ்சாதெண்டு பொண்ணுக்குச் சொல்லவா?"

"தைரியமாச் சொல்லுங்க."

அதற்குள் உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். ஃபஹ்மியா கமராவோடு ஓடினாள்.

இப்போது, சாப்பாட்டுக்கு நடுவில், சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. உடனே இன்னொரு தடவை. றஸீனின் விரல்கள் சோற்றுக்குள் நின்றன. காலையில் இணைத்ததை அவன் கழற்றவில்லை.

"வீட்டுல இருந்தாக்கும். ஒன்ட கை சோறு, இரு." அஸ்மி இடது கையால் போனை உருவினான்.

"வேணாம்!"

அஸ்மி பார்த்துவிட்டான். அவனுடைய தங்கை ஸக்கியா, தலையில் துணியில்லாமல், முடியை முன்னால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்து விழுந்தது.

சஹனைச் சுற்றி ஒருவரும் மெல்லவில்லை.

"காலையில காட்டுறத்துக்கு இணைச்சது, கழட்ட மறந்திட்டன்" என்றான் றஸீன். "அல்லா மேல சத்தியமா…"

"அல்லாவ இதுக்குள்ள இழுக்காத."

அஸ்மி எழுந்து, பெண்கள் பக்கத்தை மறைத்த திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றான். "ராத்தா, அந்தக் கமராவ வெளிய தாங்க! படமெல்லாம் இவன்ட போனுக்கு வருது!"

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் "யா அல்லா" என்று கத்தினாள். ஃபஹ்மியா அழுகிற குரலில் யாருக்கோ எதையோ விளங்கப்படுத்தினாள். மருதாணிக் கையொன்று கமராவைத் திரைக்குக் கீழால் தள்ளிவிட்டது.

ஒரு கையில் கமரா, மறு கையில் போன். அஸ்மி கிணற்றடிச் சீமெந்துக் கட்டுக்கு நடந்தான். "ரெண்டையும் ஒடைச்சிட்டு ஒன்னட்ட வாறன்."

றஸீன் அசையவில்லை. அறைவாங்குவது அவனுக்குப் பெரிதாகப்படவில்லை. இன்று பின்னேரத்துக்குள் இந்தக் கதை கற்பிட்டிவரைக்கும் போகும். பிறகு இந்தக் கமராவை ஒரு பெண்ணும் தொடமாட்டாள்.

அஸ்மி முதலில் கமராவைத்தான் ஓங்கினான். திரைச்சீலை படபடவென்று ஆடியது. உள்ளே இருந்து வந்தது மணப்பெண்ணின் குரல்.

"நாநா, போன மட்டும் ஒடைங்க! கமராவ இங்கால தாங்க, என்ட போனோட இணைச்சா படம் என்னட்டயே நிக்கும்!"