துணியில்லாத தையல்

பாட்டுச் சத்தம் கேட்டால் அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது மாடியில் இருக்கும் வீட்டு ஓனரின் கட்டளை. அதனால் ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் தையல்காரி துணியே இல்லாமல் மிஷினை மிதிக்கிறாள். அந்தக் கடகடப்புக்குள் நாலைந்து பெண்கள் கர்த்தரைத் துதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் இவளுக்கு இவ்வளவு தையலா என்று தெருவே வாயைப் பொத்திச் சிரிக்கிறது. பாதிப் பாட்டில் மிஷின் பெல்ட் பட்டென்று அறுகிறது. குரல்கள் தொண்டைக்குள் பதுங்குகின்றன. ஜன்னல் வெயிலில் ஊசி மட்டும் மினுங்குகிறது. படியில் ஓனரின் செருப்பு இறங்கி வருகிறது. தையல்காரி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விட்ட அடியிலிருந்து வாய்விட்டுப் பாடுகிறாள். ஒவ்வொருத்தியாகச் சேர, சுவரே அதிர்கிறது. செருப்பு வாசலில் நிற்கிறது. மேலிருந்து ஓனரம்மாவின் குரல் விழுகிறது: "ஏங்க, கதவைத் தட்டிடாதீங்க. அந்தப் பாழாப்போன மிஷினால இத்தனை நாளா பாதிப் பாட்டுதான் காதுல விழுந்துச்சு. இன்னைக்காவது முழுசாப் பாடட்டும்." செருப்பு மெதுவாகப் படியேறுகிறது, பாட்டின் தாளம் தப்பாமல்.