யார் திருத்தியது?

“முந்தின கம்பெனியில உங்களை ஏன் வேலையை விட்டுத் தூக்கினாங்க?”

புருலை நேரடியாகவே கேட்டாள். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அவள் தொடங்கியிருந்த சிறு நிறுவனம், கிர்கிஸ் மொழியில் கடிதங்களும் அறிக்கைகளும் தட்டச்சு செய்வதற்கான மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கைதேர்ந்த ஒருவர் தேவை.

எதிரே இருந்த எசன்பெக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. இரண்டு வருடங்களாக எந்த நிறுவனமும் அவரை அழைத்ததில்லை.

“நீங்க கூப்பிட்டுப் பேசுறதுக்கே நான் நன்றி சொல்லணும் மேடம். மறைக்க விரும்பலை. அதுவும் இதே மாதிரி சாப்ட்வேர்தான். யார், எப்போ, எந்த வார்த்தையை மாத்தினாலும் ஃபைலுக்குள்ளேயே பதிவாகிற மாதிரி எழுதியிருந்தேன். அது இடைஞ்சல்னு வாங்கினவங்க சொன்னாங்க. எடுத்துடுன்னார் முதலாளி. முடியாதுன்னேன். என்னை எடுத்துட்டார்.”

புருலை சிரிக்கவில்லை. “நானும் அதை எடுக்கச் சொன்னா?”

‘இன்னைக்காவது வாயை அடக்குங்க’ என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி சொன்னது அவர் நினைவுக்கு வந்தது.

“மன்னிச்சுக்கங்க மேடம். எழுதினது ஒண்ணு, இருக்கிறது ஒண்ணுன்னு ஆகிடும். எடுக்க மாட்டேன்.”

இந்த வேலையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு அவர் தொப்பியை எடுத்தார். “டீ ரொம்ப நல்லா இருந்தது. வரேன்.”

“உட்காருங்கண்ணா.” அவள் அவசரமாக எழுந்தாள். “எட்டு மாசமா உங்களைத் தேடறேன். உங்க பழைய கம்பெனியில பேரைக்கூடச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. வேற வழியில்லாம விளம்பரம் கொடுத்தேன். வந்திருக்கிறது நீங்கதானான்னு தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு குடைஞ்சேன்.”

எசன்பெக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. வாட்டசாட்டமான ஒருவன் வந்து, அவருடைய இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டான்.

“என் தம்பி சமத். பஸ் டிரைவர். கணவாயில பனி சரிஞ்சு பஸ் கவிழ்ந்தப்போ, ‘டிரைவர் குடித்திருக்கவில்லை’ன்னுதான் டாக்டர் ரிப்போர்ட் எழுதினார். அதை ‘குடித்திருந்தார்’னு பஸ் கம்பெனிக்காரன் மாத்தினதை உங்க பழைய சாப்ட்வேர்ல பதிவானதுதான் கோர்ட்டுல காட்டிக் கொடுத்துச்சுண்ணா!”