தாண்டிப் போ

“ரூட் பாஸ்வேர்டைச் சொல்லுங்க சார்.”

கேட்டுவிட்டாள்.

சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்கள். இந்த ஸ்கேன் சென்டரில் எதை வேண்டுமானாலும் கேள். சர்வரைத் திறக்கும் அந்த ஒன்றை மட்டும் எத்திராஜ் சாரிடம் கேட்காதே.

இப்போது திரையும் அதையேதான் கேட்கிறது.

டிஸ்க்கில் பிழை. தானாகச் சரிசெய்ய முடியவில்லை. பாஸ்வேர்ட் கொடுத்து நீயே சரிபார். இல்லையா, தாண்டிப் போ.

எத்திராஜ் சார் எப்போதும் தாண்டித்தான் போவார்.

நேற்று ஆயுத பூஜை. கற்பூரம் காட்டும் முன், மெஷினும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று ஓடிக்கொண்டிருந்த சர்வரின் மெயினை ஒரே தட்டில் அணைத்தவரும் அவர்தான். பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் நேற்று எடுத்த ஓர் அம்மாவின் தலை ஸ்கேன். இன்றைக்கு ஆபரேஷன்.

“சரிபார்க்காம ஓடவிட்டா, இருக்கிறதுக்கு மேலயே எழுதிடும் சார். அந்தம்மா படம் போயிடும்.”

“போனா இன்னொருக்கா எடுத்துக்குவோம்.”

“படத்துக்காக நேத்து போட்ட ஊசிக்கே அவங்களுக்கு மூச்சு முட்டிச்சு. நீங்க பூஜைக்குப் பூ வாங்கப் போயிட்டீங்க.”

அவர் சிரித்தார்.

“உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாரும்மா கம்ப்யூட்டரத் தொட்டிருக்கா?”

“யாரும் தொடல. அதான் நான் படிச்சிட்டுத் தொடறேன்.”

தாண்டிப் போகும் கீயை அழுத்த அவர் கை நீண்டது.

அவள் கீபோர்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து தட்டும் சத்தம். அந்தம்மாவின் கணவர்.

எத்திராஜ் சார் பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ்வேர்டைச் சொன்னார்.

வரிகள் ஓடின. நின்றன. சரிசெய்யவா என்றது. ஆம் என்றாள். மறுபடியும் கேட்டது. ஆம்.

அவர் வாட்சைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

சர்வர் எழுந்தது.

படம் திறந்தது. மண்டைக்குள் வெள்ளையாக ஒரு கட்டி. ஓரம்கூடச் சிதையவில்லை.

ஃபிலிமை வாங்கியதும் அந்த மனிதர் ஓடினார்.

முதுகுக்குப் பின்னால் எத்திராஜ் சாரின் குரல். மேலே டாக்டருக்குப் போன்.

“நம்ம புதுப் பொண்ணுதான் டாக்டர். எதையோ நோண்டி விட்டிருச்சு. நல்ல வேளை, நான் இருந்தேன்.”

அவள் திரும்பவில்லை.

வெளியே வந்தாள். தன் நாற்காலியைக் கடந்தாள். மாடிப்படி ஏறினாள்.

டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

அவர் காதில் இன்னும் போன் இருந்தது.