தலைகீழாய் ஒரு சாலை

நல்ல சமாரியனை வரையச் சொன்னால், சுவர் முழுக்க வண்டியாக வரைந்து வைத்திருந்தாள் போர்டு எழுதும் அந்தப் பெண்.

அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் இரண்டு பேர் போக, மூன்றாவது ஆள் நின்று தூக்கிவிட்ட பைபிள் கதை. ஞாயிறு பள்ளிச் சுவரில் ஆளே இல்லை. பறக்கும் ஒரு வேன். பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார். கடைசியில், கதவு திறந்தபடி நிற்கும் கழிவுநீர் லாரி. ரோட்டில் ஒற்றைச் செருப்பு, விரிந்த குடை, உருண்ட சாப்பாட்டு டப்பா.

எல்லாமே தலைகீழாக. சாலை மேலே, வானம் கீழே.

சபை மூப்பருக்கு ரத்தம் கொதித்தது. கர்த்தர் வீட்டில் கக்கூஸ் லாரிக்கு என்ன வேலை, சாயங்காலத்துக்குள் வெள்ளையடித்துவிடு என்று சத்தம் போட்டார். அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேசிக்கொண்டே கிட்டே போனவர் அப்படியே நின்றார்.

வெள்ளைக் காரின் பின்விளக்கு ஒன்று உடைந்து, அதில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. போன வருஷம் மழையில் ஒரே ஒரு வாரம் அவர் கார் அப்படித்தான் ஓடியது.

வெளியே வெயில் காய்ந்தது. அவர் காதில் மழை இரைந்தது.

அன்றைக்கு ஜெபக் கூட்டத்தில் பேச நேரமாகிவிட்டது. வளைவில் ஒரு கார் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் யாராவது வருவார்கள் என்று மிதித்துக்கொண்டு போய்விட்டார். மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

"யாரும்மா உனக்குச் சொன்னது?" குரல் இறங்கிவிட்டது.

"யாரும் சொல்லலைங்க ஐயா. பார்த்ததைத்தான் வரைஞ்சேன்."

"அந்த ரோட்டுல அன்னைக்கு ஒரு ஆள்கூட இல்லையே."

வாய்தவறி வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரோட்டுல இல்லீங்க. கவிழ்ந்த காருக்குள்ள இருந்தேன். பெல்ட்டுல தலைகீழாத் தொங்கிக்கிட்டு."

மூப்பர் சுவரில் கை ஊன்றினார். ஈரப் பெயிண்ட் உள்ளங்கையில் ஒட்டியது. நாளைக்கு சபையே வந்து பார்க்கும். கண்கள் பதறிப்போய்க் காரின் நம்பரைத் தேடின.

நம்பர் இல்லை. தகடு வெறுமையாக இருந்தது. வேனுக்கும் அப்படித்தான். லாரிக்கு மட்டும் ஓர் எழுத்து விடாமல் எழுதியிருந்தாள்.

"நின்னவர் நம்பரை மட்டும்தாங்க ஐயா ஞாபகம் வச்சிருக்கேன்" என்றாள்.