ஈரத் தலை

பகல் முழுக்கக் கூரையில் வெயில் காய்ந்த காற்று, குழாய் வழியாக இறங்கி, கூடத்துத் தரைக்கு அடியில் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்குள் போய்த் தன் சூட்டைக் கொடுத்துவிடும். பொழுது சாய்ந்ததும் அடியிலிருக்கும் ஃபேன் அந்தச் சூட்டைத் தரையில் பதித்த கம்பிச் சல்லடை வழியாக மேலே தள்ளும். மலைக்குளிரில் ஜெசிந்தாவின் கணவர் லூர்துசாமிக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து சல்லடைமேல் நின்றுதான் தலை துவட்டுவார். "தண்ணி உள்ள போகுது, தள்ளி நில்லுங்க" என்று அவள் கத்தாத நாளில்லை. அவரை அடக்கம் செய்த பிறகு, அந்த வேளைக்கு அவளே ஒரு செம்புத் தண்ணீரைச் சல்லடையில் ஊற்றிவிடுகிறாள்.

அவளுக்கு இருமல் நிற்காததால் டாக்டர் வீட்டுக் காற்றைப் பார்க்கச் சொல்லியிருந்தார். வந்த மெக்கானிக் சல்லடையைக் கழற்றி டார்ச் அடித்தார். கற்கள் மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் பூசணம், மயிர் மயிராக.

"இதத்தாம்மா இத்தன நாளா மூச்சுல இழுத்திருக்கீங்க. மருந்து போட்டுக் கழுவிரலாம்."

"கழுவினா அந்த வாசனை?"

"சுத்தமாப் போயிரும்மா, கவலைப்படாதீங்க."

ஜெசிந்தா குனிந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்றாள்.

"அதுவரைக்கும் ஃபேன் போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு, சல்லடையைத் திரும்ப மாட்டிவிட்டு அவர் போனார்.

பொழுது சாய்ந்தது. ஜெசிந்தா செம்புத் தண்ணீரைச் சல்லடைமேல் கவிழ்த்தாள். ஃபேனைப் போட்டாள். துவட்டாத தலையின் வாசனை மெல்லக் கூடத்துக்குள் ஏறி வந்தது. இருமலுக்கு நடுவே, "தள்ளி நில்லுங்க" என்றாள்.